சந்தனப் பொட்டு வைத்த திருகாணி

"விசாரணை ஒண்டும் வேண்டாம், பிள்ளை. எனக்கு அறிக்கை மட்டும் காணும்."

நெடுந்தீவு நன்னீர்ச் சங்கத் தலைவர் சரவணமுத்து இப்படிச் சொன்னபோது காலை ஒன்பது மணி. பதினொரு மணிக்குத் திறப்பு விழா. வாழைமரம் கட்டியாயிற்று. ஒலிபெருக்கி எட்டு மணிக்கே கத்தத் தொடங்கிவிட்டது. சவர்த் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் புது இயந்திரம் மாலை போட்டுக்கொண்டு நிற்கிறது. அதை அன்பளிப்புச் செய்த கனடாக்காரர் எமிலியானுஸ் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்துவிட்டார், அடுத்த படகில் வருகிறாராம். எல்லாம் சரி, ஒரேயொரு குறைதான். அவருடைய பெயர் பொறித்த கருங்கல் முதல் நாள் பின்னேரம் தானாகக் கீழே விழுந்து இரண்டாக உடைந்திருந்தது.

"தானா விழேல்லை," என்று திருத்தினார் தலைவர். "விழுத்தினவை. ஆர் விழுத்தினது எண்டும் எங்களுக்குத் தெரியும். அதை நீங்கள் கண்டுபிடிச்ச மாதிரி எழுதித் தந்தாச் சரி."

அன்ரனிட்டா குறிப்புப் புத்தகத்தைத் திறந்தாள். பத்து வருடம் காப்புறுதிக் கம்பனியில் இருந்து, எரிந்த கடைகள் உண்மையிலேயே தானாகத்தான் எரிந்தனவா என்று பார்த்துத் திரிந்தவள் அவள். இப்போது ஊர்காவற்றுறையில் ஒரு பேக்கரிக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். தீவுப் பகுதியில் துப்பறிவாளருக்கு வருவது பெரும்பாலும் மூன்றே வழக்குகள்: காணாமல் போன மாடு, நகர்ந்து போன மதில், விசாரிக்க வேண்டிய மாப்பிள்ளை. கருங்கல் வழக்கு இதுதான் முதல் தடவை.

"அறிக்கை மட்டும் காணுமெண்டா தபாலில அனுப்பியிருக்கலாமே, ஐயா," என்றார் அவளுக்குப் பின்னால் நின்ற கந்தப்பு. "கடலில ஒரு மணித்தியாலம் குலுங்கி வந்தனாங்கள். என்ர காலமைச் சாப்பாடு இன்னும் குறிகட்டுவான் பக்கம்தான் மிதக்குது."

கந்தப்புதான் அவளுடைய உதவியாளர். அறுபத்திரண்டு வயது. ஓட்டோவும் அவருடையது, வாயும் அவருடையது. இரண்டையும் வாடகைக்கு விடுவார், ஆனால் ஓட்டோவுக்கு மட்டும்தான் பிரேக் உண்டு.

சங்கத்தின் செயலாளர் சுபேசன் இரண்டு தாள்களை நான்காக மடித்து மேசையில் வைத்தான். ஒன்று தலைவர் வாசிக்கப் போகிற வரவேற்புரை. மற்றது நிலக்சனா என்ற பெண்ணை வேலையிலிருந்து நீக்கும் கடிதம். திகதி போட்டு, முத்திரை குத்தி, கையெழுத்தும் வைத்தாயிற்று.

"விசாரணைக்கு முதலே தீர்ப்பு அச்சடிச்சாச்சு," என்றார் கந்தப்பு. "நல்ல சுறுசுறுப்பு."

நிலக்சனாவைப் பூவரசு நிழலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி வைத்திருந்தார்கள். இருபத்தாறு வயது. யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு, எல்லோரும் தீவை விட்டு வெளியேறும்போது இவள் திரும்பி வந்தவள். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதத் தற்காலிக நியமனம். அவள் மீது தலைவர் மூன்று குற்றச்சாட்டுகளை விரல் மடக்கிச் சொன்னார்.

"முதலாவது, உந்தக் கல்லுக்குப் பதிலா இன்னொரு வடிகட்டி வாங்கியிருக்கலாம் எண்டு கூட்டத்தில எழும்பிச் சொன்னவ. ரெண்டாவது, கல்லைப் பூட்டியிருந்த ஸ்குரூ நாலும் வெள்ளைப் பிளாஸ்டிக். தலை தெறிச்சுக் கிடந்தது. மூண்டாவது, இவவின்ர பையில அதே வெள்ளை ஸ்குரூ ஒரு பக்கெற் இருந்தது. இதுக்கு மேல என்ன வேணும்?"

"அது நைலோன், ஐயா," என்றாள் நிலக்சனா. அழுது முடித்த குரல். "மெசினோட வந்த உதிரிப் பக்கெற். அக்கா, அந்த ஸ்குரூ சேர்கிட் பலகையைப் பிடிக்கிறதுக்குத்தான். கரண்ட் கடத்தாது, துருப்பிடிக்காது. ஆனால் பாரம் தாங்காது. வெயிலில பாரத்தோட நிண்டால் மெல்ல மெல்ல இழுபட்டு அறுந்திடும். கையால திருகி, பிறகு ஒரு கால் சுற்று விட்டாக் காணும். கூட இறுக்கினாத் தலை கழண்டிடும். அதைப் போய்க் கருங்கல்லுக்குப் பூட்டுவேனே? நான் இதைப் படிச்சனான்."

"அதுதான்! படிச்ச படியாத்தான் எது விழும் எண்டு தெரிஞ்சு பூட்டினவ," என்றார் தலைவர்.

இந்தத் தர்க்கத்தைக் கேட்டுக் கந்தப்பு தலையைச் சொறிந்தார்.

தலைவர் வாழைமரத்தைச் சரி பார்க்கப் போனதும் நிலக்சனா தாழ்ந்த குரலில் சொன்னாள்: "வேலை போனாப் போகட்டும், அக்கா. கல்லை உடைச்சவள் எண்டு பேர் வந்தால் இந்தத் தீவில நான் எப்பிடி நடமாடுறது? அம்மா இண்டைக்கும் சவர்த் தண்ணிதான் குடிக்கிறா. இந்த மெசினை ஓட விடுறதுக்காகத்தான் நான் வந்தனான்."

அன்ரனிட்டாவுக்குக் கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் கைப்பையைத் திறந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுப்பாள். எடுத்தாள்.

கருங்கல் ஒரு விரல் தடிப்பு. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கலாம். இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் இரும்புச் சட்டத்தில், மூலைக்கொன்றாக நான்கு திருகாணியும் பின்னால் நட்டும் போட்டு மாட்டியிருந்தார்கள். விழுந்த இடத்தில் நான்கு வெள்ளைத் தலைகளும் கிடந்தன. அவள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். திருகுகோல் வைக்கும் வெட்டுக்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அதன் நடுவே கடுகளவு சிவப்பு.

"கந்தப்பண்ணை, இது என்ன? மஞ்சள் பெயின்ரோ?"

கந்தப்பு வாங்கி மூக்கில் வைத்தார். "பெயின்ரில்லை, பிள்ளை. சந்தனம். மேல குங்குமம். நீங்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போற ஆக்கள், உங்களுக்குத் தெரியாது. எங்கட ஆக்கள் புது மெசின் வந்தால் அதில ஒரு இடம் விடாமல் பொட்டு வைப்பினம். என்ர ஓட்டோ வந்த அண்டு ஸ்ரியரிங், கண்ணாடி, ஹோர்ன், ஜக், ஸ்பானர் எல்லாத்துக்கும் வச்சது. உதிரி ரயருக்கு வைக்க மறந்து, ஐயர் திரும்பி வந்து வச்சவர்."

"மற்ற மூண்டிலயும் இருக்கு," என்றாள் அவள். நான்கையும் கைக்குட்டையில் வரிசையாக வைத்தாள். "சரி. கல்லுக்குப் பூசை நடந்ததோ?"

நிலக்சனா நிமிர்ந்தாள். "இல்லை, அக்கா. பூசை வெள்ளிக்கிழமை, மெசினுக்கு மட்டும். மெசினின்ர கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வச்சு, உள்ளுக்கும் பொட்டு வச்சவை. கல்லு ஞாயிற்றுக்கிழமைதான் பூட்டினது. திறப்பு விழா வரைக்கும் ஆரும் பார்க்கக் கூடாது எண்டு உடனே துணி போட்டு மூடிப்போட்டினம்."

"நீங்கள் அப்ப எங்க?"

"வெள்ளி பின்னேரப் படகில யாழ்ப்பாணம் போனனான். அம்மாவுக்குக் கண் கிளினிக். நேற்று, திங்கள் காலமைதான் வந்தனான். கல்லு மூண்டு மணிக்கு விழுந்தது."

"காலமைக்கும் மூண்டு மணிக்கும் இடையில மாத்தினவ எண்டுதான் அவை சொல்லப் போகினம்," என்றார் கந்தப்பு.

"பாப்பம். இந்தத் தீவில நைலோன் ஸ்குரூ எங்க வாங்கலாம்?"

இரண்டு வளவு தள்ளி ஜெயந்தாவின் கடை. முருகைக்கல் மதிலுக்குப் பின்னால், அரிசி முதல் படகின் அவுட்போட் இயந்திரத்துக்குப் பூட்டும் பிளக் வரை எல்லாம் ஒரே அறையில். நைலோன் திருகாணி இருக்கிறதா என்று கேட்டதும் ஜெயந்தா சிரித்தே விட்டாள்.

"பிளாஸ்டிக் ஸ்குரூவோ? என்னத்துக்கு, விளையாட்டுச் சாமானுக்கோ? இஞ்ச இரும்பே ஆறு மாசத்தில உப்புக் காத்தில கரைஞ்சு போகுது. பிளாஸ்டிக்கை ஆர் கேப்பினம்? நான் உந்தச் சாமானை ஒரு நாளும் வித்ததில்லை. இந்தத் தீவில ஆரும் வித்ததில்லை."

"துருப் பிடிக்கிறதெண்டால் சனத்துக்குப் பெரிய கவலைதான் போல."

"சனத்துக்கில்லை, தலைவருக்கு. போன வருசம் பஸ் தரிப்பிடம் கட்டித் தந்த லண்டன்காரரின்ர கல்லை நீங்கள் பார்க்கேல்லையோ? நாலு மூலை ஸ்குரூவும் துருப்பிடிச்சு, மழைக்கு ஒழுகி, அந்த மனுசன்ர பேருக்கு மேல மண்ணிறமா வடிஞ்சு போச்சு. ஆரோ படமெடுத்து அனுப்பிப்போட்டினம். அதுக்குப் பிறகு அவர் தலைவரின்ர போனையே எடுக்கிறதில்லை."

அன்ரனிட்டா ஒரு பிஸ்கட் பக்கெற் வாங்கிக் கந்தப்புவிடம் கொடுத்தாள். அது அவர் வாயை அடைக்கும் செலவு, கணக்கில் எழுதுவதில்லை.

திரும்பும் வழியில் கந்தப்பு தோள் பையிலிருந்து சான்றுப் பொருளை எடுத்தார். நிலக்சனாவின் பையிலிருந்து பறித்துத் தலைவர் அவரிடம் ஒப்படைத்திருந்த பக்கெற். மேலே இருபது என்று அச்சடித்திருந்தது. அன்ரனிட்டா வெளியிலிருந்தே எண்ணினாள். இருபது. பக்கெற்றின் வாயை மூடி அடித்த சின்னக் கம்பி இன்னும் அப்படியே இருந்தது.

"இப்ப யோசியுங்கோ, அண்ணை. நைலோன் ஸ்குரூ இந்தத் தீவில ரெண்டே இடத்திலதான் இருந்தது. ஒண்டு இந்தப் பக்கெற், மற்றது மெசின். பக்கெற் உடைக்கவே இல்லை. விழுந்த நாலும் சந்தனம் பூசினது. அப்ப அதுகள் வெள்ளிக்கிழமை மெசினுக்குள்ள இருந்திருக்கு. நிலக்சனாவுக்குக் கல்லை விழுத்த ஆசையெண்டால், பையில புதுசு இருபது இருக்கேக்க, பூட்டின பெட்டியைத் திறந்து பொட்டு வச்சதைக் கழட்டுவாவோ?"

"கழட்டமாட்டா. சரி, பெட்டிச் சாவி ஆரிட்ட?"

"நல்ல கேள்வி," என்றவள் நடையை நிறுத்தினாள். அவள் முகம் மாறிவிட்டது. "அதைவிட ஒரு பெரிய கேள்வி இருக்கு. மெசினுக்குள்ள இருந்த நாலும் கல்லுக்கு வந்திட்டுதெண்டால், இப்ப மெசினுக்குள்ள என்ன இருக்கு?"

சாவி தலைவரின் வேட்டி மடிப்பில் இருந்தது. வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் பாதுகாப்புக்கென்று அவரே வாங்கி வைத்துக்கொண்டாராம். யார் கேட்டும் கொடுக்கவில்லை. அன்ரனிட்டா கேட்டபோது தயங்கினார்.

"அறிக்கையில மெசினைப் பற்றியும் நல்லதா நாலு வரி எழுதலாமெண்டு பார்த்தனான், ஐயா," என்றாள்.

சாவி உடனே வந்தது.

கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவைத் திறந்தாள். உள்ளே பச்சை மின்சுற்றுப் பலகை. அதன் நான்கு மூலைகளிலும் கண்ணாடி போல மின்னும் நான்கு ஸ்டெயின்லெஸ் திருகாணிகள். கல்லோடு யாழ்ப்பாணத்துக் கல்வேலைக்காரர் கொடுத்தனுப்பியவை. நிலக்சனா எட்டிப் பார்த்து வாயைத் திறந்தாள். அன்ரனிட்டா அவள் கையை அழுத்தினாள்.

"ஆகா! என்ன நேர்த்தி!" என்றாள் அன்ரனிட்டா உரத்த குரலில். "இவ்வளவு வடிவா, இவ்வளவு இறுக்கமா ஸ்குரூ பூட்டினதை நான் கொழும்பிலயும் காணேல்லை. வேலை தெரிஞ்ச கை. ஆரின்ர வேலை இது?"

தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார். "நான்தான்."

"டோர்ச் பிடிச்சது நான்," என்றான் சுபேசன்.

கந்தப்பு பிஸ்கட்டை மென்றபடியே, "வழக்கு முடிஞ்சுது, பிள்ளை. குற்றவாளியள் வரிசையில நிக்கினம்," என்றார்.

தலைவருக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் உற்சாகமாகவே விளக்கினார். "பூசையண்டு மெசின் பூட்ட வந்த பெடியனிட்டக் கேட்டனான், இதென்ன வெள்ளை ஸ்குரூ எண்டு. ஆயுசுக்கும் துருப்பிடிக்காது ஐயா எண்டான். மிச்சமும் ஏதோ சொல்ல வந்தவன், அதுக்குள்ள ஐயர் வந்திட்டார். அப்பவே எனக்கு மூளை வேலை செய்தது. துருப்பிடிக்காத சாமானைப் போய்ப் பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கிறாங்கள்! உள்ளுக்க இருக்கிறதை ஆர் பார்க்கப் போகினம்? வெளியில நிக்கிறது பேரல்லோ? கல்லோட வந்த ஸ்குரூ மின்னினதுதான், ஆனால் லண்டன்காரரின்ர கல்லுக்கு வந்ததும் இப்பிடித்தான் மின்னினது. ரெண்டும் ஒரே பருமன், ஒரே நீளம். சனிக்கிழமை மாத்தி எடுத்து, ஞாயிறு கல்லைப் பூட்டினனாங்கள். மெசினுக்கும் குறை வைக்கேல்லை. நல்ல விலைகூடின ஸ்குரூதான்."

"அப்ப கல்லில வெள்ளை ஸ்குரூ போட்டது நீங்கள்தான். பிறகு ஏன் இந்தப் பிள்ளையைப் பிடிச்சு இருத்தினீங்கள்?"

தலைவர் கடலைப் பார்த்தார். "நான் நல்ல இறுக்கி, முழுப் பலத்தோட பூட்டினனான். நான் பூட்டினது விழாது. அப்ப ஆரோ அதை ஏதோ செய்துதானே இருக்க வேணும்?"

நெடுந்தீவிலும் சரி, வேறெங்கும் சரி, சங்கத் தலைவர்களின் நம்பிக்கை இப்படித்தான் இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. தன்னால் ஒரு பிழை நடக்கலாம் என்பது அவருக்கு உண்மையிலேயே தோன்றவில்லை. அன்ரனிட்டாவுக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஐயா, கல்லை விடுங்கோ," என்றாள் நிலக்சனா. "இந்தப் பலகையில ஓட்டைக்குப் பக்கத்திலயே கரண்ட் ஓடுற கோடு இருக்கு. நீங்கள் போட்ட ஸ்குரூத் தலை அதில முட்டிக்கொண்டு நிக்குது. மற்ற நுனி இரும்புப் பெட்டியில முட்டுது. இப்பிடியே சுவிச்சைப் போட்டால் பலகை எரியும். புதுப் பலகை வெளிநாட்டிலயிருந்து வரவேணும். எத்தினை மாசம் போகுமோ தெரியாது."

"ஒரு நிமிசம் போட்டு, கைதட்டினாப் பிறகு நிப்பாட்டினால்?"

"ஒரு கணமே காணும், ஐயா."

இறங்குதுறைப் பக்கம் படகின் ஹோர்ன் கேட்டது. ஒலிபெருக்கி உடனே, "தொழிலதிபர் உயர்திரு எமிலியானுஸ் அவர்களை வருக வருகவென..." என்று தொடங்கியது. தலைவர் பெட்டிக் கதவைப் படாரென்று சாத்தினார்.

"இப்ப திறக்க ஏலாது! அவர் வந்து பார்க்கேக்க மெசினைக் கழட்டிக்கொண்டு நிண்டால் என்ர மானம் என்னாகிறது? முதல் சுவிச், பிறகு பார்ப்பம்!"

"மானமோ தண்ணியோ, ஒண்டைச் சொல்லுங்கோ," என்றாள் அன்ரனிட்டா. தலைவர் சுவிச்சுப் பக்கம் எட்டு வைத்தார். நிலக்சனா போய்ச் சுவிச்சுக்கு முன்னால் குறுக்கே நின்றுகொண்டாள். கடிதம் தனக்காக மேசையில் காத்திருப்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அசையவில்லை.

எமிலியானுஸ் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கினார். எழுபது வயதிருக்கும், மெலிந்த மனிதர். கோட் போட்டிருப்பார் என்று ஊர் எதிர்பார்த்தது, அவர் அரைக்கைச் சட்டையில் வந்தார். மாலையை வாங்கிக் கையிலேயே பிடித்துக்கொண்டு, சோடித்த கதிரையைத் தாண்டி நேரே இயந்திரத்தடிக்குப் போனார். "ஒருக்கா உள்ளுக்குப் பாக்கலாமோ?" என்றார்.

அன்ரனிட்டா கதவைத் திறந்து விட்டாள். அவர் கண்ணாடியை மாட்டிக் குனிந்தார். இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

"இதுக்குள்ள இரும்பு ஸ்குரூ ஆர் போட்டது?"

இந்தத் தடவை யாரும் நெஞ்சை நிமிர்த்தவில்லை. சுபேசன் டோர்ச்சை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"ஐயா ஒரு தொழிலதிபர், உங்களுக்கு இந்தச் சின்ன விசயமெல்லாம்..." என்று தலைவர் இழுத்தார்.

"தொழிலதிபரோ? ஆர் சொன்னது?" எமிலியானுஸ் நிமிர்ந்தார். உடைந்த கல் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. மேல் துண்டில் 'தொழிலதிபர் உயர்திரு', கீழ்த் துண்டில் 'எமிலியானுஸ் அன்பளிப்பு'. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கனடாவில, ஸ்காபரோவில ஒரு தொழிற்சாலையில இருபத்தாறு வருசம் வேலை செய்தனான். என்ன வேலை தெரியுமோ? இந்தப் பலகையளுக்கு வெள்ளை ஸ்குரூ பூட்டுறது. ஒரு நாளைக்கு எண்ணூறு. ஊரில எல்லாரும் என்னை முதலாளி எண்டு நினைச்சுக்கொண்டிருந்தீங்கள். எனக்கும் சொல்ல வெட்கமாயிருந்தது, பேசாமல் இருந்திட்டன்." மேல் துண்டைக் காட்டினார். "அந்தச் சொல்லு விழுந்தது நல்லது. அதை ஒட்ட வேண்டாம். கீழ்த் துண்டு காணும்."

தலைவருக்கு வியர்த்தது.

கந்தப்பு சான்றுப் பக்கெற்றை நீட்டினார். "இந்தாங்கோ, ஐயா. குற்றத்துக்குச் சாட்சி. இப்ப மருந்துக்கும் உதவும்."

நிலக்சனா இரும்பை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். எமிலியானுஸ் நைலோனை ஒவ்வொன்றாகப் பூட்டினார். நான்காவதை அவர் உற்சாகத்தில் இன்னும் கொஞ்சம் திருகப் போக, "காணும் ஐயா, அதுக்கு மேல வேண்டாம்," என்றாள் அவள். அவர் உடனே கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். சுவிச்சைப் போட்டதும் இயந்திரம் முனகி, இருமி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் குழாயில் தண்ணீர் வந்தது. நிலக்சனாவின் தாய் முன்னுக்கு வந்து ஒரு கிளாஸ் பிடித்துக் குடித்துவிட்டு, "உப்பில்லை," என்று மட்டும் சொன்னாள். அவளுடைய கண் நிறைந்திருந்தது.

நிலைமையைக் கைப்பற்றத் தலைவர் ஒலிவாங்கிக்கு ஓடினார். "வரவேற்புரை! மேசையில இருக்கு, எடுத்து வாரும்!" என்று கந்தப்புவைப் பார்த்துக் கத்தினார். கந்தப்பு மடித்த தாளொன்றைப் பணிவோடு கொண்டுபோய்க் கொடுத்தார். தலைவர் விரித்து, ஊரே கேட்க, கணீரென்று வாசித்தார்.

"செல்வி நிலக்சனா அவர்களுக்கு. எமது நிலையத்தில் தற்காலிகமாகப் பணியாற்றும் தங்களை, இன்று முதல்..."

அங்கே அவருடைய குரல் நின்றது. கூட்டம் முழுவதும் அவரைப் பார்த்தது. எமிலியானுஸும் பார்த்தார். அன்ரனிட்டா கந்தப்புவைப் பார்த்தாள். கந்தப்பு கடைசி பிஸ்கட்டைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"...இன்று முதல்," என்றார் தலைவர் தாளை மெல்ல மடித்துக்கொண்டே, "நிரந்தரப் பொறுப்பாளராக நியமிப்பதில் சங்கம் பெருமகிழ்ச்சி அடைகிறது."

முதலில் கைதட்டியவர் எமிலியானுஸ். பிறகு ஊரே தட்டியது. தலைவரும் வேறு வழியில்லாமல் தட்டினார்.

"அறிக்கை எப்ப தருவீங்கள்?" என்று அவர் மெதுவாக அன்ரனிட்டாவைக் கேட்டார்.

"நீங்களே வாசிச்சிட்டீங்கள், ஐயா," என்றாள் அவள்.

நிலக்சனா கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பூட்டினாள். சாவியை வாங்கத் தலைவர் வழக்கம்போலக் கையை நீட்டினார். அவள் அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த கிளாஸைப் பிடிக்கப் போனாள்.